புது ஜீப்பும் பொல்லாத மதினியும்

எனக்கு வயசு எழுபத்தெட்டு. பெத்து வளர்த்தது ஏழு பிள்ளைகள். அதோட ஒரு ஜீப்பையும் வளர்த்து ஆளாக்கியிருக்கேன்னு சொன்னா சிரிப்பீங்க. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளோட கடைசியில போடியில நடந்தது இது. எங்க வீட்டுக்காரருக்கு மலைமேல ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புல ஆள் ஏத்துற சோலி. பழைய ஜீப்பு தண்ணியாட்டம் ஆயில் குடிக்கும். அது விட்ட புகைக்குப் பயந்தே ஆளுக வேற வண்டிக்குப் போயிட்டாங்க. என் நகையெல்லாம் போட்டுப் புதுசு வாங்கினோம். இதுவும் ஆயில் குடிச்சா எங்க வீட்டு அடுப்பு எரியாது.

மெக்கானிக் கண்டிச்சுச் சொல்லிட்டாரு: “முதல் ஆயிரம் மைலுக்கு லோடு ஏத்தாதீங்க, மலை ஏத்தாதீங்க. அதுக்காக மாட்டுவண்டி மாதிரி ஒரே சீரா உருட்டவும் கூடாது. வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைங்க. எஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங்கு நல்லாப் பதிஞ்சாத்தான் ஆயில் குடிக்காது.”

வீட்டுக்காரர் நல்ல டிரைவர்தான். ஆனா யார் கை காட்டினாலும் நிறுத்திருவாரு. அவருக்கு இல்லைன்னு சொல்ல வராது. அதனால நான் முன் சீட்டுல ஏறி உக்காந்தேன். தேவாரம் ஊருக்கும் போடிக்குமா, மேடில்லாத ரோட்டுல வெறும் வண்டி ஓடும். சிலமலையில சொந்தக்காரங்க மூட்டையோட கை காட்டுவாங்க. அவரு கால் பிரேக்குக்குப் போகும். “போங்க”ன்னு சொல்லுவேன். ஏச்செல்லாம் எனக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து, மலை உச்சியில போடிமெட்டுல நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் எங்க வீட்டுக்காரர். சீர்த்தட்டோட சொந்தம் மொத்தமும் புது ஜீப்புல வந்து இறங்கணும்னு நாத்தனாருக்கு ஆசை. நான் ஜீப்பை வீட்டுலயே நிறுத்திட்டு எல்லாரையும் பஸ்சுல கூட்டிட்டுப் போனேன். தட்டைத் தலையில வச்சுக்கிட்டு நாங்க போய் நின்னதும், அத்தனை பேர் முன்னாடியும் நாத்தனார் கேட்டா:

“என்ன மதினி, ஜீப்பு வாங்குனது மாலை போட்டுக் கும்பிடத்தானா?”

“ஆமா தாயி, கும்பிடத்தான் செய்றேன். சோறு போடப்போறது அதுதானே.”

எங்க வீட்டுக்காரர் நிமிராமலே பிள்ளையை வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கலை. நாத்தனார் என்னைப் பொல்லாதவள்னு ஊரெல்லாம் ஏசினா; அதுக்கப்புறம் எங்க வாசலை மிதிக்கலை.

ஆயிரம் மைலும் முடிஞ்சு, ஏலக்காய் பறிப்பு வந்துச்சு. மத்த வண்டிக வளைவுக்கு வளைவு புகைஞ்சு நிக்க, எங்க ஜீப்பு ஆள் நிறைய ஏத்திக்கிட்டு அலுங்காம ஏறுச்சு. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தா, ஊத்தின ஆயில் அப்படியே இருக்கும்.

சில வருசம் கழிச்சு ஒரு நாள் காலையில நாத்தனார் வந்து நின்னா. அவங்களும் புது ஜீப்பு வாங்கியிருந்தாங்க.

“மதினி, எங்க வீட்டு மனுசனும் அண்ணன் மாதிரிதான். கை காட்டுறவுகளை எல்லாம் ஏத்துறாரு. நீங்க வந்து முன்னாடி உக்காருங்க.”

“ஏன், நீ உக்கார வேண்டியதுதானே?”

“ஊர் ஏச்சு வாங்க எனக்குத் தெம்பில்ல மதினி. உங்களுக்குப் பழக்கம்.”

முந்தானையைச் செருகிக்கிட்டு அவகூடக் கிளம்பிட்டேன்.

அன்னைக்கு வாங்கின ஏச்சு ஒண்ணும் இப்ப நெஞ்சுல இல்ல. என்னைப் பொல்லாதவள்னு ஏசினவளே அந்தப் பொல்லாத்தனத்தைத் தேடி வந்ததுதான் இன்னும் இனிக்குது. எங்க தாயி, நீ எழுதினதை ஒருக்கா நிதானமா வாசி. என் நாத்தனாருக்கு மனசு நோகுற மாதிரி எங்கயாவது இருந்தா அடிச்சுப்போடு.