மனுஷனுக்குச் செவி, சாக்குக்குக் காது

மட்டாஞ்சேரியில் நான் என் கையால் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். ஒரு கோணி ஊசியும் ஒரு கண்டு சணலும் தவிர வேறொன்றும் இல்லாமல் வந்து, பஜார் ரோட்டில் ஒன்பது பேர் என் கீழே சாக்குத் தைக்கும்படி செய்தேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் சந்தில், மூன்று பேர் வேண்டாம் என்று கைவிட்ட இடத்தை வாங்கி, மண் அடித்து உயர்த்தி ஓட்டுவீடு கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மகள் செல்வியை எறணாகுளத்தில் கல்லூரிவரை படிக்க வைத்தேன். மலையாளத்தில் ஒரு எழுத்துத் தெரியாமல் வந்தவன், இன்று ஓடுகிற பஸ்ஸின் பலகையை நின்ற இடத்திலிருந்து படிக்கிறேன். இதெல்லாம் முயன்றால் இன்னொருவரும் செய்யக்கூடியதுதான். இன்னொருவர் செய்யாதது ஒன்று இருக்கிறது. இங்கே மிளகு மூட்டைக்குக் காது வைத்தவன் நான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது பெருமையா என்று தோன்றும். விருதுநகர் மண்டியில் சாக்கின் வாயைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் ஒரு பிடி சரக்கை ஒதுக்கி, முயல் காதுபோல் முறுக்கிக் கட்டுவது நமக்குக் கை தானாகச் செய்கிற வேலை. தூக்குகிறவர் அதைத்தான் பிடிப்பார். நான் வந்த கோடவுனில் அப்படி இல்லை. சாக்கின் வாயை மடித்து நேராக ஒரு ஓட்டு ஓட்டி விட்டுவிடுவார்கள். பிடிக்க ஒன்றும் இருக்காது. இரும்புக் கொக்கியைச் சாக்கில் குத்தித்தான் தூக்க வேண்டும். குத்திய இடமெல்லாம் மிளகு ஒழுகும். தரையில் மிளகை மிதித்து வழுக்காமல் நடப்பதே ஒரு வித்தை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, சாக்குத் தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அந்தக் கோடவுன் வாசலில் போய் நின்றேன். அப்போதே எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. சுமட்டுக்காரர்கள், அதாவது மூட்டை தூக்குகிறவர்கள், எட்டுப்பேர் இருந்தார்கள். கெட்டி மீசை வைத்த ஒருவரை எல்லாரும் 'ஹம்ஸக்கா' என்று கூப்பிட்டார்கள். மீசை வைத்தவரை அக்கா என்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு. இக்கா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன் என்று அப்போது யார் கண்டது. அந்த ஹம்ஸக்காதான் அவர்களுக்குத் தலைவர். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்:

"அண்ணாச்சி, பாண்டிகசாலையிலேக்கு செல்லு. அவிடெ ஆளுண்டு."

அண்ணாச்சி என்றதும், பார்த்த மாத்திரத்தில் நம் தகுதியைப் புரிந்துகொண்டார்களே என்று நெஞ்சு நிமிர்ந்தது. இங்கே தமிழ் பேசுகிற யாரும் அண்ணாச்சிதான், இருபது வயதுப் பையனும் அண்ணாச்சிதான் என்பது தெரியப் பல நாள் ஆயிற்று. அடுத்த வார்த்தையில் நிமிர்ந்த நெஞ்சு கொதித்தது. தமிழனைப் பாண்டி என்று ஏளனம் செய்வார்கள் என்று வரும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காகத் தனியாகச் சாலையே வைத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை.

"பாண்டிக்குன்னு தனிச் சாலை கட்டி வச்சிருக்கீகளோ? நான் ஊசி பிடிக்க வந்தவன்யா, ஏச்சு வாங்க வந்தவன் இல்ல. உங்க சாலையில நீங்களே இருந்துக்கிடுங்க."

ஹம்ஸக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "எந்தா இயாள் பறயுன்னது?"

தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவர் விளக்கிச் சொன்னார். எட்டுப்பேரும் தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நம்முடைய பண்டகசாலைதான் இங்கே பாண்டிகசாலை. சரக்கு வைக்கிற இடம், அவ்வளவுதான். அன்றே எனக்குப் 'பாண்டிசாலை முதலாளி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முதலாளியானவன் பஜார் ரோட்டில் நான் ஒருவன்தான்.

பட்டம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. கோடவுனின் பின்கதவு காயலைப் பார்த்துத் திறக்கும். வள்ளம் வந்து ஒட்டுகிற அந்தப் படியில் எப்போதும் காற்று. பத்து மணிச் சாயாவை அங்கே உட்கார்ந்துதான் குடிப்பார்கள். இரண்டாம் நாள் நானும் கிளாஸோடு போய் உட்காரப் பார்த்தேன். ஹம்ஸக்கா கோபமில்லாமல்தான் சொன்னார், "அது ஞங்கடெ ஸ்தலமாணு, அண்ணாச்சி." எங்கள் இடம் என்கிறார். தெருப்பக்க வாசலில், மிளகுத் தூசி மூக்கில் ஏற, தும்மிக்கொண்டே சாயா குடித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் குடித்தேன். எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் நம்ம என்றால் எதிரே நிற்கிறவனும் உள்ளே, எங்க என்றால் அவன் வெளியே என்பது நமக்கும் மலையாளிக்கும் பொதுவாக இருக்கிற விஷயம். அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கத் தேவையில்லை. வெளியே நின்றால் தானாகப் புரியும்.

அடுத்த இடவப்பாதி மழையில், அதாவது வைகாசிக் கடைசியில் பிடிக்கிற பெருமழையில் ஒரு நாள், நனைந்த சாக்கில் கொக்கி வழுக்கி ஹம்ஸக்காவின் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நாலு நாள் கழித்துத் துணி சுற்றிய கையோடு வந்து நின்றார். வேலைக்கு வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, ஒற்றைக் கையால் கொக்கியும் பிடிக்க முடியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. அன்று அவர் தூக்க வேண்டிய இருபது மூட்டைக்கும் காது வைத்துத் தைத்தேன். சும்மா ஊர்க் காதில்லை. அங்கே நாம் மிளகாய் வற்றலுக்கு வைக்கிற காது கைக்கடக்கம். மிளகு கனமாயிற்றே. ஆகவே இரண்டு பிடி மிளகை உள்ளே விட்டு, சணலை மூன்று சுற்று சுற்றி, பெரிய மனுஷன் கட்டைவிரலை மடக்கினாலும் நழுவாத காதாக வைத்தேன். கோடவுன் முதலாளி பார்த்துவிட்டு, சாக்கை வீணாக்குகிறான் என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டேன்.

ஹம்ஸக்கா மூட்டையின் மூலையை விரலால் நெருடிப் பார்த்தார். "இதெந்து சாதனம்?"

"காது."

"காதோ?"

"ஆமா. பிடிச்சுத் தூக்கத்தானே ஆண்டவன் காது வச்சிருக்கான். எங்க வாத்தியார் மூணு வருசம் என்னைத் தூக்கினது அதைப் பிடிச்சுத்தான்."

சிரித்துக்கொண்டே நல்ல கையால் ஒரு காதைப் பிடித்தார். துணி சுற்றிய கையின் விரல் நுனிகள் மற்றக் காதுக்குப் போதுமாக இருந்தன. மூட்டை முதுகுக்கு ஏறிற்று. கொக்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை முடிவதற்குள் அந்தக் கோடவுனில் எட்டுக் கொக்கியும் ஆணியில் தொங்கின. பக்கத்துக் கோடவுனிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு அவர்களும் வைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு பத்து மணிக்கு, தெருவாசலில் தும்மிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஹம்ஸக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, எந்தா அவிடெ நில்க்குன்னே? இவிடெ வந்நிரிக்கு. நம்மடெ ஸ்தலமல்லே?"

ஊரில் எனக்கு வீடு இருந்தது, சொந்தம் இருந்தது. ஆனாலும் நம்ம என்கிற வார்த்தை என் காதில் அப்படி விழுந்ததில்லை. ஊரில் நம்ம ஆள் என்று சொல்லுமுன் யார் மகன், எந்தத் தெரு என்று கேட்டுவிடுவார்கள். பிறந்தபோதே முடிவான கணக்கு அது, நாம் செய்ய ஒன்றுமில்லை. இங்கே கேட்பது "எவிடெயா பணி?", எங்கே வேலை என்று. கூடச் சேர்ந்து மூட்டை பிடித்தவன் நம்மடெ ஆள். நான் அந்தப் படியில் உட்கார்ந்த இடத்தை எனக்கு எந்தத் தகப்பனும் கொடுக்கவில்லை. இரண்டு பிடி மிளகால் நானே சம்பாதித்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போன பிறகு ஒரு பெண் வந்தாள். கோட்டயத்துப் பக்கம். சுமா என்று பெயர், நாங்கள் டீச்சர் என்போம். வேலை செய்கிற இடத்தில் மனுஷர்கள் எப்படி ஒரு கூட்டமாகிறார்கள், புதிதாக வந்தவன் எப்போது அதில் சேர்கிறான் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு, ஒரு வருஷம் தெருவாசலில் நின்று சாயா குடித்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நல்ல பிள்ளை. மூக்கைத் துடைத்துக்கொண்டே சாக்கின் மேல் உட்கார்ந்து, சின்ன டேப்பை நடுவில் வைத்து, மாதக்கணக்கில் எல்லாரையும் கேட்டாள். நான் தமிழன் என்பதால் என்னிடம் மட்டும் தமிழிலேயே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த அன்பில்தான் வினை வந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஏது கூட்டத்துல உண்டு?"

அவள் கேட்டது, நீங்கள் யாரோடு சேர்ந்தவர் என்று. மலையாளத்தில் கேட்டிருந்தால் எனக்குச் சட்டென்று புரிந்திருக்கும். தமிழில் கேட்டதால் தமிழாகவே எடுத்துக்கொண்டேன். கட்சிக் கூட்டம், கொடி பிடிக்கிற கூட்டம் என்று நினைத்தேன்.

"நான் எந்தக் கூட்டத்துலயும் கிடையாதும்மா. கூட்டத்துல போய் நிக்கிற பழக்கமே நமக்கு இல்ல. தனியா வந்தேன், தனியா நின்னேன், தனியா ஜெயிச்சேன். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள்.

போன மாதம் அந்த ஆராய்ச்சி கெட்டி அட்டை போட்டு ஆங்கிலத்தில் வந்தது. கோடவுனுக்கு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். இனி புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம். ஹம்ஸக்கா அதை என்னிடம் கொடுத்து, மோளைக்கொண்டு வாசிப்பிக்கு என்றார். செல்வி சாப்பாட்டு மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னாள். கொக்கியை ஒழித்தது வந்தது. காது வந்தது, எப்படி முறுக்குவது என்று படமே போட்டிருந்தது. அதன் கீழே, இந்தத் தொழிலாளர்கள் தங்களுக்குள் கூடிச் சேர்ந்து காலப்போக்கில் உண்டாக்கிக்கொண்ட வழக்கம் என்று எழுதியிருந்தது.

"என் பேரு?"

செல்வி புரட்டினாள். "அப்பா, வேறொரு ஸ்தலத்துல உண்டு. பேரில்ல. ஒரு தமிழ்த் தையல்காரர்னு இருக்கு. நீண்ட காலம் ஜோலி பண்ணியும் தான் ஒரு கூட்டத்துலயும் சேர்ந்தவன் அல்லன்னு அவரே சொல்றார்னு எழுதியிருக்கு." வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா அப்படிப் பறஞ்சதோ?"

சொன்னேன்தான். டேப்பில் இருக்கிறதே. நான் வைத்த காதைக் கூட்டத்துக்குக் கொடுத்து, என்னைக் கூட்டத்திலிருந்து வெளியே நிறுத்தி, இரண்டுக்கும் என் வாயையே சாட்சியாக்கியிருந்தது அந்தப் புத்தகம்.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே ஹம்ஸக்காவிடம் போய்விட்டேன். இப்போது அவருக்கு மீசை நரைத்துவிட்டது, மூட்டை தூக்குவதில்லை, படியில் உட்கார்ந்து மற்றவர்களை ஏவுவதோடு சரி. விஷயத்தைச் சொல்லி, "காது யாரோடதுன்னு நீங்க டீச்சர்ட்ட சொல்லணும்" என்றேன்.

"ஆருடெயா? நம்மடெயல்லே?" என்றார்.

எந்த வார்த்தைக்காக ஒரு வருஷம் தும்மினேனோ அதே வார்த்தை. இப்போது அது என் பெயரை விழுங்கிக்கொண்டு நின்றது.

"நம்மடெதான் இக்கா. இல்லேங்கலை. வச்சது யாரு?"

"நிங்கள் நம்மடெ ஆளல்லே? பின்னெ எந்தினா பேரு? இது கல்யாணக் கடிதாசோ, எல்லாரடெ பேரும் அடிக்கான்?" என்று சிரித்தார். "அண்ணாச்சி, மனுஷ்யனு செவியுண்டு. செவி உண்டாக்கினவன் அதில் பேரு எழுதிவெச்சோ?"

நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப என்ன சொன்னீங்க? மனுசனுக்கு என்ன இருக்கு?"

"செவி."

"உங்க வீட்டுல பிள்ளையத் திருகுறது?"

"செவி."

"ஆட்டுக்கு?"

"செவி தன்னெ. எந்தா இப்போ?"

"சாக்குக்கு?"

"காது," என்றார். சொன்ன பிறகுதான் அது நான் கொண்டுவந்த வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. என் முதுகில் ஒன்று வைத்தார். "எடா பாண்டிசாலை முதலாளீ, ஞான் பறயாம். டீச்சரோடு ஞான் தன்னெ பறயாம்."

அவர் சொல்லுவார். ஆனாலும் என் பங்குக்கு நானும் எழுதி வைக்கிறேன். இதைச் செல்வி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அவளுக்குத் தமிழைவிட மலையாளம் வேகம். அவளே டீச்சருக்கு மாற்றிச் சொல்லட்டும். டீச்சர், நான் எந்தக் கூட்டத்திலும் இல்லை என்று சொன்னது தமிழில். அதை அடித்துவிடுங்கள். நான் அந்தக் கூட்டத்தில் உண்டு. காது நம்மடெது என்று எழுதியதை அடிக்க வேண்டாம், அது எனக்கு எளிதில் கிடைத்த வார்த்தையில்லை. ஆனால் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினால் மூட்டை கோணும், நீங்கள் போட்ட படத்திலேயே காது இரண்டு. ஒரு பக்கம் நம்மடெ என்று இருக்கட்டும். மறுபக்கம், விருதுநகரிலிருந்து வந்த பரமசிவம் வைத்தது என்று இருக்க வேண்டும். சாட்சி வேண்டுமென்றால் பஜார் ரோட்டில் எந்தக் கோடவுனிலும் போய்க் கேட்டுப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் மனுஷனுக்குச் செவி, ஆட்டுக்குச் செவி, சாக்குக்கு மட்டும் காது. அந்த ஒரு வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்று அச்சுக்குப் போவதற்குள் எழுதிவிடுங்கள்.