உதிராமல் நின்ற வேப்பிலைகள்

மருந்து கலக்கும் அறை வெடித்தபோது நான் ஓடிய ஓட்டத்தை ஆமத்தூர் ரோட்டில் நின்றவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பட்டாசு கம்பெனியின் போர்மேன் நான். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வர வேண்டியவன், முள்வேலியைத் தாண்டி முதல் ஆளாக ரோட்டில் நின்றேன். கையில் டீ கிளாஸ். டீகூடச் சிந்தவில்லை.

அறைக்குள் இருந்தவர் வரவில்லை. அவர் மனைவி எங்களிடமே பட்டாசுக்கான காகிதக் குழாய் ஒட்டும் ஷெட்டில் வேலை பார்த்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, ஒரு தை மாதம் அது. அறைக்கு எதிரே ஒரு வேம்பு. மதியம் இருவரும் அதன் அடியில்தான் சாப்பிடுவார்கள். நெருப்பைப் பார்த்த பக்கத்து இலைகள் நொடியில் வெந்து பழுப்பாகிவிட்டன. மாசியில் மறுபக்கத்து இலைகள் மஞ்சளாகி, வழக்கம்போல உதிர்ந்தன. வெந்த இலைகளில் பாதிகூட விழவில்லை.

"காஞ்ச சருகு கம்பெனிக்குள்ள தொங்கக் கூடாது. மரத்த வெட்டிரு" என்றார் முதலாளி.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். "பங்குனி வரைக்கும் விடுங்க அண்ணாச்சி. துளிர்க்கலேன்னா நானே வெட்டச் சொல்லுதேன்."

மனிதனைத்தான் விட்டுவிட்டு ஓடினேன், மரமாவது பிழைக்க வேண்டாமா? அரை மூட்டை யூரியாவோடு போய் நின்றேன். அவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மயங்கிக் கிடக்கவனுக்கு பிரியாணியா ஊட்டுவீக? வேரக் கருக்கிராதீக. அந்தப் பக்கத்து இலை மஞ்சளாகித்தான விளுந்துச்சு? பச்சைய உள்ள இளுத்துக்கிட்டுதான் விட்டிருக்கு. காடுகழனி வேல பார்த்த கை அண்ணாச்சி இது."

வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தேன். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. இலையை விடுவதற்கு முன் அதிலிருக்கும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பங்கை மரம் பிரித்தெடுத்து, கொப்பிலும் பட்டையிலும் வேரிலும் வைத்துக்கொள்கிறது. மழையே இல்லாத பங்குனியில் வரும் கொழுந்து அந்தச் சேமிப்பில்தான் பிறக்கிறது. இலையை உதிர்ப்பதும் உயிரோடு இருந்து செய்கிற வேலை. வெந்த இலைக்கு எதையும் திருப்பிக் கொடுக்க நேரமில்லை, விழவும் நேரமில்லை. பட்டாசு மருந்துக்காக நாங்கள் மூட்டை மூட்டையாக இறக்கும் வெடியுப்பிலும் இருப்பது அதே நைட்ரஜன்தானாம்.

பங்குனியில் மறுபக்கம் செம்புநிறக் கொழுந்து விட்டது. வெந்த பக்கம் அப்படியே நின்றது. ரம்பத்தோடு ஆளும் வந்துவிட்டான். "இருப்பா" என்று நானே ஏறி, ஒவ்வொரு கொப்பாக நகத்தால் சுரண்டினேன். ஒரு கையால்தான் மரத்தைப் பிடித்திருந்தேன்.

"உள்ள பச்சையா இருக்கு தாயி!"

"இருக்கட்டும். மொதல்ல ரெண்டு கையாலயும் பிடிங்க. உங்களையும் தூக்கிட்டுப் போக எங்களுக்குத் தெம்பு இல்ல."

சிரிக்காமல் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

அறையை ஒட்டிய மூன்று கொப்புகளில் மட்டும் பச்சை இல்லை. அவற்றை அறுத்தோம். மரம் நிற்கும் என்று முதலாளியிடம் போனில் சொன்னேன். குரல் எலி மாதிரிக் கீச்சென்று வந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சருகை வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் கம்பெனி வழக்கம். அந்தப் பெண் மண்வெட்டியை எடுத்து, மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் குழி வெட்டினார். அறுத்த கொப்புகளிலிருந்து பழுப்பு இலைகளை உருவி உருவி உள்ளே போட்டார். மண்ணைத் தள்ளி மூடி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

"அன்னைக்கு மரம் எடுக்க முடியாமப் போனத இனிமே மெல்ல எடுத்துக்கிடட்டும், அண்ணாச்சி."

நான் இன்னொரு குடம் கொண்டுவந்தேன்.