கல்வாழைக்குக் கிடைத்த பட்டம்

பழங்காநத்தத்தில் கிளமெண்டை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாளும் வகுப்பெடுத்தவரில்லை. மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து டி.சி. எழுதிக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்துக் காற்று பட்டவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று தெரு நம்பியது. நாளடைவில் அவரும் நம்பிவிட்டார். ஓய்வு பெற்றபின் அந்த அறிவு மொத்தமும் செடிகொடிகள் மேல் இறங்கியது. குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவில் யார் எந்தப் பூவைப் போட்டாலும் உடனே அவரிடமிருந்து ஒரு பெயர் வந்து விழும். எதிர்த்துப் பேச ஆளில்லாத துறையாகப் பார்த்துத்தான் பிடித்திருந்தார்.

சங்கத் தலைவர் நல்லகாமனுக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் வாளிப் பட்டறை. பூங்கா மூலையில் ஆளுயரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நின்ற செடியைப் படம் எடுத்து, "இது என்னா பூ சார்?" என்று அனுப்பினார். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த கிளமெண்ட், கண்ணாடி போடாமலே பார்த்துப் பதில் அனுப்பினார். "செங்காந்தள். மாநிலப் பூ. நம்ம மண்ணுக்கே உரியது."

நல்லகாமன் சும்மா இருப்பாரா? பூங்கா நடைபாதையைத் திறக்க கவுன்சிலர் வரும் நேரம். மாநிலப் பூ தானாக முளைத்த பூங்கா என்று போர்டு எழுதி, பாதையோடு சேர்த்து அதையும் திறக்க வைத்துவிட்டார். கிளமெண்ட் அரைமணி நேரம் பேசினார். பூவைப் பற்றி இரண்டு வரி. மீதி தன்னைப் பற்றி.

ஐப்பசியில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு மனைவி ஜெஸியோடு உசிலம்பட்டிக்கு ஸ்கூட்டரில் போனார். வழியில் மழை பிடித்துக்கொள்ள, ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். எதிரே கிளுவை வேலி. அதன் மேல் ஒரு கொடி ஏறி, தீப்பிடித்ததுபோலப் பூத்துக் கிடந்தது.

ஜெஸி கிட்டப் போய்ப் பார்த்தாள். "ஏங்க, இதுல்ல செங்காந்தள்? எங்க ஊர்ல கண்வலிப்பூன்னு சொல்லுவோம்."

"இது வேற ரகம்" என்றார் கிளமெண்ட், குரல் கொஞ்சம் இறங்கி.

"போன்ல பாருங்க. என்னா போட்டுருக்கு?"

வேண்டாவெறுப்பாக எடுத்து வாசித்தார். கொடி, தானாக நிற்காது. இலை நுனி ஸ்பிரிங்போலச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றும். ஜெஸி ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள். நுனி கிளுவைக் குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பூங்காச் செடி யாரையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றது. அதன் இலையில் ஒரு ஆளுக்குச் சோறே போடலாம்.

"அடுத்து?"

"இதழ் ஆறு. ஓரம் நெளிநெளியா இருக்கும். பூ தலை குனிஞ்சிருக்கும், இதழ் மட்டும் மேல மடிஞ்சு நிக்கும்."

ஜெஸி எண்ணினாள். ஆறு. கீழே மஞ்சள், மேலே சிவப்பு, ஓரமெல்லாம் அலை.

"மகரந்தக் கேசரம் ஆறும் குடைக்கம்பி மாதிரி விரிஞ்சிருக்கும். சூல்தண்டு மட்டும்..." அவர் நிறுத்தினார்.

"வாசிங்க."

"ஒரு பக்கமா முழங்கை மாதிரி மடங்கியிருக்கும்."

மடங்கித்தான் இருந்தது. மழை விட்டும் அவர் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. "அப்ப நம்ம போர்டு?" என்றார், ஏதோ ஜெஸிதான் எழுதி வைத்ததைப்போல.

"அது கல்வாழைங்க. நான் படிச்ச ஆஸ்டல் சாக்கடை ஓரமெல்லாம் நிக்கும்."

மறுநாள் நல்லகாமன் வீட்டுக்குப் போய், தொண்டையைச் செருமி, "தலைவரே, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று சொன்னார்.

நல்லகாமன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கவுன்சிலர் தெறந்த போர்ட மாத்த முடியுமா சார்? செடிய வேணா மாத்துவோம். அந்தக் கொடியப் புடுங்கியாந்து நட்டுருவோம்."

"கெழங்கு வெசம். புள்ளைக வெளையாடுற எடம்."

"பெறகென்ன? வெசமில்லாத செங்காந்தள்னு வச்சுக்குவோம். எம்புட்டுப் பேரு செல்ஃபி எடுத்துட்டாய்ங்க, ஒருத்தனாச்சும் கேட்டானா?"

கிளமெண்ட் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இருந்தாலும் பொங்கல் விழா மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, ஜெஸியிடம் வாக்கும் கொடுத்தார்.

மேடையில் அவருக்காகச் சால்வையும் 'காந்தள் செம்மல்' என்று பொறித்த கேடயமும் காத்திருந்தன. சால்வை தோளில் விழுந்தது. கைதட்டல். மைக்கைப் பிடித்தார். மூன்றாவது வரிசையில் ஜெஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பட்டத்துக்கு நான் தகுதியானவனான்னு..." என்று தொடங்கினார். தன்னடக்கம் என்று நினைத்துக் கூட்டம் மறுபடி தட்டியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவர் மனசும் அடங்கிவிட்டது. "நன்றி" என்று முடித்துக்கொண்டார்.

விழா முடிந்து வீடு வந்தார்கள். கதவைத் திறந்தபடி ஜெஸி கேட்டாள். "ஏங்க, கேடயத்த எங்க மாட்டப் போறீங்க?"

"ஹால்லதான்" என்றார் கிளமெண்ட். "நாலு பேரு வந்துபோற எடம்."