சென்னப்பன் காரின் அடித்தகடு

பழைய காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதா, பென்னாகரம் ரோட்டில் யாரைக் கேட்டாலும் பூவிழியின் பட்டறைக்குத்தான் கை காட்டுவார்கள். 'தகடு அக்கா' என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். பெயிண்ட், பாலிஷ் என்று மேலே மினுக்குகிற வேலையை அவள் தொடமாட்டாள். அடியில் அரித்திருந்தால் வா, இல்லையென்றால் அடுத்த கடையைப் பார். ஒரு பொம்பளை மல்லாந்து படுத்து வெல்டிங் வைக்கிறாளே என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவர்கள்தான் இப்போது காத்துக் கிடக்கிறார்கள்.

ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வஞ்சம் தீர்க்க வந்தாள். அதை அவள் மறைத்ததும் இல்லை.

அவள் புருஷன் முருகேஷ் டிரைவர். தருமபுரியில் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் சென்னப்பனிடம் ஒரு வேன் வாங்கினான். வாங்கிய கொஞ்ச நாளில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டிரைவர் சீட் தரையோடு பிய்த்துக்கொண்டு கீழே போனது. வேன் தடுப்புச் சுவரில் மோதியது. முருகேஷுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நல்லவேளை, வேனில் வேறு யாரும் இல்லை. அழுகிய தரையின் மேல் தகர டப்பாவை வெட்டி ஒட்டி, அதன்மேல் தாரைப் பூசிப் புதுசு போலக் காட்டி விற்றிருந்தான் அந்தப் பாவி.

அதோடு விட்டானா? முருகேஷ் படுத்துக் கிடக்கையில், வேறு யாரும் வண்டியின் அடியைப் பார்ப்பதற்குள் அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டான். பிறகு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "குடிச்சிட்டு வண்டி எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னன், கேட்டானா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். முருகேஷ் கெடா வெட்டில்கூட ஒரு சொட்டு தொடாதவன். ஆனால் ஊர் நம்பிவிட்டது. இடுப்பு தேறி, லேசான நொண்டலோடு நடக்க ஆரம்பித்த பிறகும் ஒருத்தரும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தன் கிட்டே வந்து அவன் வாயை மோந்து பார்த்தான். முருகேஷ் சாப்பிடாமல் பந்தியிலிருந்து எழுந்து போனான்.

அன்றைக்குத்தான் பூவிழி கறுவினாள். முருகேஷ் குடிக்கவில்லை, துருதான் கவிழ்த்தது என்று அந்தச் சென்னப்பன் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்ல வைக்காவிட்டால் நான் பூவிழி இல்லை என்றாள். அதியமான்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போய்க் கண்ணெல்லாம் எரிய எரிய வெல்டிங் கற்றாள். என்றைக்காவது அவன் கார் இங்கே வந்துதானே ஆகவேண்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது. சென்னப்பனிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் உண்டு. அதில் ஏறிப் போனால்தான் காரியம் ஜெயிக்கும் என்பது அவன் நம்பிக்கை. ஆடிப் பதினெட்டு தவறாமல் அதை ஒகேனக்கல்லுக்கு ஓட்டிப் போய், சக்கரம் முங்க ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவான். வீட்டுக்கு வந்ததும், ஈரம் காய்வதற்குள் அடியில் தார் பூசிவிடுவான். ஊருக்குச் செய்த அதே வேலை. உள்ளே மாட்டிய தண்ணீர் வருஷக்கணக்காக உட்கார்ந்து தகட்டைத் தின்றிருந்தது. இப்போது மகளுக்கு மேச்சேரியில் நிச்சயம். இந்தக் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மற்ற பட்டறைக்காரர்களோ தொட்டால் உதிர்ந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பூவிழியின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கார் யாருடையதோ அவர் அடியில் படுத்து, தன் கையாலேயே சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் வேலையைத் தொடுவாள். கலெக்டர் ஆபீஸ் ஆளானாலும் சாக்கை விரித்துப் படுக்க வேண்டியதுதான். சென்னப்பனும் வெள்ளை வேட்டியோடு படுத்தான். அவள் மறுபக்கமாக உள்ளே நகர்ந்து வந்தாள்.

"தட்டுங்க."

தட்டினான். சொத்தென்றது. தார் பெயர்ந்து துருத்தூள் அவன் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. இன்னொரு தட்டில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக முன்சீட்டின் அடி தெரிந்தது.

"இந்த சீட்டுல ஒக்காந்து தொப்பூர் எறங்குனா என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

சென்னப்பன் துருவைத் துப்பினான். "பழச எதுக்கும்மா கெளப்பற? நாலு பேரு சொன்னாங்க, நானும் சொன்னன்."

பூவிழிக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. அந்தச் சுத்தியலைப் பிடுங்கி அவன் பல்லைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"செஞ்சி குடுக்கறன். ஆனா நிச்சயத்துக்கு இந்தக் கார எங்கூட்டுக்காரர்தான் ஓட்டுவாரு. மொத ஓட்டத்துல நானும் வருவன், தகட்டுச் சத்தம் கேக்கணும். சரின்னா வுட்டுட்டுப் போங்க. இல்லன்னா தள்ளிக்கினு போங்க."

அவனுக்கு வேறு வழியில்லை.

பூவிழி அந்தக் காருக்குச் செய்த வேலையை யாருக்கும் செய்ததில்லை. அழுகியதையெல்லாம் நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்தாள். கனத்த புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தி, விளிம்பு முழுக்கப் பற்று வைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டாள். முருகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "அவனுக்குப் போயி இவ்ளோ மெனக்கெடறியே," என்றான்.

"ஸ்டியரிங்கு ஒங்க கையில மாமா. எனக்கு அவன் முக்கியமில்ல," என்றாள்.

நிச்சய நாளன்று முருகேஷ் குளித்து, விபூதி வைத்து, சலவைச் சட்டையில் ஓட்டினான். பக்கத்தில் சென்னப்பன் பட்டுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பின்னால் அவன் மனைவி ஜானகி, அவன் அண்ணன் பெரியண்ணன், ஓரத்தில் பூவிழி. பெரியண்ணன் சொன்னால் அந்தப் பக்கத்து ஊர்களில் மறுபேச்சு கிடையாது. தாம்பூலத் தட்டு அவர் மடியில் இருந்தது.

தொப்பூர் இறக்கம் ஆரம்பித்தது. பூவிழி முன்பக்கம் குனிந்தாள்.

"சென்னப்பண்ணா, எல்லாம் புதுத் தகடு போட்டுட்டன். ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒங்க பழைய தாரு வேலைய அப்டியே வுட்டு வெச்சிருக்கன். ராசியான காராச்சே."

"எங்க?" அவன் குரல் கீச்சிட்டது.

"ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க எந்த எடத்துல தாரு பூசி விப்பீங்களோ, அங்கதான்."

வெடுக்கென்று இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான். டேஷ்போர்டை ஒரு கையாலும் கதவை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டான். "டேய் முருகேஷு, நிறுத்துடா!"

"பின்னால லாரிங்க வருதுங்க. எறக்கத்துல நிறுத்தக்கூடாது," என்றான் முருகேஷ். அவளுடைய திட்டம் அவனுக்குத் தெரியாது. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

"எதுக்குய்யா காலத் தூக்கிக்கினு ஒக்காந்திருக்க?" என்றாள் ஜானகி.

"குடிக்காம ஓட்டுனா சீட்டு வுழுவாதுன்னு சொன்னது நீங்கதான? அப்பறம் என்னா பயம்?" என்றாள் பூவிழி.

ஒரு வளைவு வந்தது. டயர் பள்ளத்தில் இறங்கி ஏறிக் கார் ஒரு குலுக்கு குலுக்கியது. அவ்வளவுதான்.

"வுழும்! வுழுந்துச்சி! அந்த வேன்ல தரையே இல்ல, தகர டப்பா வெட்டி ஒட்டி நான்தான் தாரு பூசி வித்தன்! இவன் குடிக்கல! ஆத்தா, எம்பொண்ணு தாலிய பாக்கணும், என்ன எறக்கி வுட்டுடு!"

முருகேஷின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. கண் கலங்கினாலும் கார் ரோட்டுக் கோட்டிலிருந்து விலகவில்லை. "அட நாசமாப் போனவனே," என்றார் பெரியண்ணன் மெதுவாக.

பழைய தகடு எங்குமே இல்லை என்பதைப் பூவிழி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? மேச்சேரி வரைக்கும் காலைத் தூக்கியபடியே வரட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் காற்று அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மேச்சேரியில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வாசலில் நின்றார்கள். பெரியண்ணன் இறங்கியதும் முருகேஷின் தோளைத் தட்டி, "கல்யாணத்துக்கும் எங்கூட்டு வண்டிய நீதாம்பா எடுக்கற," என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சென்னப்பனும் கதவைத் திறந்து காலை ஊன்றினான். மரத்துப்போன கால் நிற்குமா? ரெண்டடி வைத்துத் தள்ளாடி மாப்பிள்ளையின் சித்தப்பா மேலேயே சாய்ந்தான். அவர் அவனைத் தாங்கிப் பிடித்து, முகத்தைச் சுளித்து, குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தார்.

"ஐயோ, நான் குடிக்கலீங்க! சத்தியமா குடிக்கலீங்க!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூவிழி நிதானமாக இறங்கி வந்து முன்கதவுப் பக்கம் நின்றாள்.

"எங்கூட்டுக்காரரும் அதத்தாண்ணா சொன்னாரு," என்றாள்.

பிறகு முன்சீட்டில் கால் வைக்கிற இடத்து ரப்பர் விரிப்பை ஒதுக்கிவிட்டு, சென்னப்பன் பார்க்கப் பார்க்க அந்தத் தகட்டில் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். கணீரென்றது.