முக்காலிக்கு ஒரு தலை

முக்காலி என்று எழுதினால் படிக்கிறவர்கள் உட்காருகிற பலகையை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது கேமராவைத் தாங்கி நிற்கும் மூன்று கால் ஸ்டேண்டை. அதற்குக் கால்கள் தனி, தலை தனி. கால்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கேமரா குனிவதும் நிமிர்வதும் திரும்புவதும் தலையின் வேலை என்பதால், தலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என் தலையைப் பற்றி என் மனைவிக்கு எப்போதும் பல கருத்துகள் உண்டு. ஸ்டேண்டின் தலையைப் பற்றி அவள் வாய் திறந்தது எனக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகுதான்.

நான் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிரம்பான் டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில், கோலா சாவா பக்கம் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் தோட்டம். எலிகள் செம்பனைப் பழத்தைக் கொறித்துத் தீர்த்துவிடும் என்பதால் தோட்டத்தில் ஆங்காங்கே கம்பம் நட்டு, அதன்மேல் பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடி வைத்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஆந்தை தன் வெள்ளை முகத்தோடு பெட்டியின் வாசலுக்கு வரும். பறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, சம்பள நாளில் கணக்குப் பார்க்கிற மேனேஜர் மாதிரி இரண்டு பக்கமும் முறைக்கும். அந்த முறைப்பைப் படம் எடுப்பதுதான் என் பைத்தியம். வெளிச்சம் குறைந்த நேரம் என்பதால் கேமரா மெதுவாகத்தான் கண்ணை மூடும். அதற்குள் துளி அசைந்தாலும் ஆந்தை பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். ஆகவே ஸ்டேண்டு இல்லாமல் இந்த வேலை நடக்காது.

என் மச்சினிக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஆந்த மூஞ்சில போயி யாராச்சும் முழிப்பாங்களா மாமா?" என்பாள். எனக்கு ஸ்ட்ரோக் வந்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். எழுந்து விரட்ட முடியாத நிலையில் நான் இருந்தேன்.

கால் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பதோடு சரி. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை என்று என் மனைவி எல்லோரிடமும் வருத்தத்தோடு சொன்னாள். போனது வலது கை. நாங்கள் அதைச் சோத்துக்கை என்போம். சாப்பிடுகிற கை, கோயிலில் திருநீறு வாங்குகிற கை, நாலு பேருக்கு ஒன்றைக் கொடுக்கிற கை. மிஞ்சியது பீச்சாங்கை. அதற்கு நம்மவர்கள் ஒதுக்கியிருக்கும் வேலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பூன் பிடித்து இடது கையால் சாப்பிடப் பழகினேன், ஆனால் மனைவி முன்னால் மட்டும். கல்யாண விருந்துகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மச்சினி வந்தால்கூட எனக்குப் பசிக்கவில்லை என்றுவிடுவேன். வெட்கமாக இருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை.

கேமராவாவது மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். அழுத்துகிற பொத்தான் வலது பக்கம் இருந்தால் என்ன, ஒயர் மாட்டி இடது கையால் அழுத்தலாம். ஒரு சாயங்காலம் மனைவி ஸ்டேண்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக் கம்பத்துக்கு எதிரே நிறுத்தி, கேமராவையும் மாட்டிக் கொடுத்தாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன்.

என்னிடம் இருந்தது உருண்டைத் தலை. ஒரு கிண்ணத்துக்குள் உலோக உருண்டை இருக்கும், அதற்கு ஒரே ஒரு திருகு. தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஆடும், இறுக்கினால் எல்லாம் நிற்கும். இரண்டு கை உள்ளவனுக்கு அதைப்போல் சுகம் வேறில்லை. ஒரு கை கேமராவைப் பிடித்திருக்கும், மறு கை திருகும். நான் பழைய நினைப்பில் திருகைத் தளர்த்தினேன். நீள லென்ஸின் கனத்தில் கேமரா அப்படியே தலை கவிழ்ந்து ஸ்டேண்டின் காலில் 'டொக்'கென்று இடித்தது. நிமிர்த்திப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, திருகுவதற்குக் கை இல்லை. விட்டால் விழும், பிடித்திருந்தால் இறுக்க முடியாது. ஆந்தை வெளியே வந்தது, இரண்டு பக்கமும் முறைத்தது, பறந்தது. நான் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவன் மாதிரி கேமராவைத் தாங்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன். கூப்பிடும்போது அழுதுவிட்டேன்.

அவள் வந்து திருகை இறுக்கினாள்.

"இத உன் அண்ணன் பையன்கிட்ட குடுத்துடு. எனக்கு இனிமே வேணாம்" என்றேன்.

"பாப்போம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவள் நடவடிக்கை கொஞ்சம் விசித்திரமாக மாறியது. பால்மாவு டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கித் திறந்தாள். டீயைக் கலக்கும்போது மேசையெல்லாம் சிந்தினாள். வயசாகிறது என்று நான் கேலி செய்தேன். ஒரு நாள் காலையில் பாதி பிய்ந்த தோசையைக் கொண்டுவந்து இடது கையால் என் தட்டில் போட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் அப்படிப் பரிமாறியதில்லை.

"பீச்சாங்கையாலயா போடற? இதெல்லாம் எங்க கத்துகிட்ட?"

"கை வலிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கோபத்தோடு பாதித் தோசையைத் தின்று முடித்த பிறகுதான் நான் எந்தக் கையால் தின்றுகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில், "சிரம்பானுக்குப் போறோம், கெளம்புங்க. தலை வாங்கணும்" என்றாள்.

"எனக்கா?"

"உங்களுக்கு வாங்கி மாட்டுனாலும் நிக்காது. ஸ்டேண்டுக்கு."

நான் நிபந்தனை போட்டேன். இதுதான் கடைசி. கடையில் இருக்கிற எந்தத் தலையும் ஒரு கைக்குச் சரிவரவில்லை என்றால் கேமரா அவள் அண்ணன் மகனுக்குப் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு யாரும் என்னிடம் படம், ஆந்தை என்று பேசக்கூடாது. அவள் கொஞ்சம் யோசித்து, "சரி" என்றாள். இந்தத் தடவை 'பாப்போம்' என்று சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

கேமராக் கடையில் நான் கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வலது கையைப் பாக்கெட்டுக்குள் சொருகியிருந்தேன். வெளியே போகும்போது அதை அப்படித்தான் ஒளித்து வைப்பேன். மனைவி கேமராப் பையோடு உள்ளே போனாள். கல்லாவில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டு, "பறவைன்னா எல்லாரும் இதத்தான் கேப்பாங்க ஆன்ட்டி" என்று ஊஞ்சல் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள். லென்ஸ் அதில் தொங்கும். எடையைச் சமன் செய்து மாட்டிவிட்டால் விரலால் தொட்டாலே திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். நானே ஆசைப்பட்டுப் பார்த்திருக்கிற தலை அது.

மனைவி கேமராவை இடது கையால் தூக்கி அதன் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தாள். பிடித்தபடியே அதை இறுக்க வேண்டும். அதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தப் பெண் உதவிக்குக் கை நீட்டினாள்.

"நீ புடிக்காத மா. வீட்ல நீ இருக்க மாட்ட" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் ஷாலின் முனையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணும் கவனித்துவிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டு, "ஆன்ட்டிக்கு அந்தக் கை முடியலையா?" என்றாள்.

"ஆமா மா. ஸ்ட்ரோக். சோத்துக்கை வராது."

கண் இமைக்காமல் சொன்னாள். நான் நாற்காலியில் நெளிந்தேன். எழுந்து போய், கை போனது எனக்கு, அவளுக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாக்கெட்டை விட்டுக் கை வெளியே வரவில்லை.

"சோரி ஆன்ட்டி. அப்ப வேற மாதிரி பாக்கலாம் லா" என்று அந்தப் பெண் ஊஞ்சலை ஒதுக்கி வைத்தாள். அடுத்து வந்தது மூன்று பிடித் தலை. குனிய ஒரு பிடி, சாய ஒரு பிடி, திரும்ப ஒரு பிடி. பிடியைத் திருகித் தளர்த்தி, அதையே பிடித்தபடி நகர்த்தி, அதையே திருகி இறுக்கலாம். உருண்டைத் தலையைப் போல் ஒன்றைத் தொட்டால் எல்லாம் கவிழாது. மனைவி ஒவ்வொன்றாக இடது கையால் செய்து பார்த்தாள். முடிந்தது. ஆனால் மூன்றையும் முடிப்பதற்குள் அவள் நெற்றி வேர்த்துவிட்டது.

என் பக்கம் திரும்பி, "அதுவரைக்கும் ஆந்த நிக்குமா?" என்று கேட்டாள்.

நிற்காது என்று தலையாட்டினேன். அவள் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவதாக அந்தப் பெண் வீடியோத் தலையை எடுத்தாள். "அது கல்யாண வீடியோக்காரனுங்க சாமான்" என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே முணுமுணுத்தேன். படம் எடுக்கிறவர்களுக்கு வீடியோக்காரர்களைக் கண்டால் ஏனோ ஓர் இளப்பம், எனக்கும் உண்டு. யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளே கெட்டியான மசகு இருப்பதால் அந்தத் தலை கஞ்சிக்குள் கரண்டி போகிற மாதிரி நிதானமாக நகரும், படக்கென்று விழாது. கேமராவைத் தகட்டில் வைத்து அழுத்தினால் தானாகவே 'க்ளிக்'கென்று பூட்டிக்கொள்ளும். நீளமாக ஒரே ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து ஆட்டினால் குனியும், நிமிரும், திரும்பும்.

ஆனால் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. மனைவி இடது கையைக் குறுக்கே நீட்டி எட்டிப் பிடித்தாள். முழங்கை கேமராவில் இடித்தது. இன்னொரு தரம் முயன்றாள், மறுபடி இடித்தது. கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். அவ்வளவுதான், கேமரா போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் கைப்பிடியைக் கழற்றினாள். "இத மாட்டறதுக்கு ரெண்டு பக்கமும் பல்லு இருக்கு" என்று காட்டி, இடது பக்கம் வைத்துத் திருகிக் கொடுத்தாள்.

என் மனைவி அதைப் பிடித்தாள். கேமரா கடையை ஒரு சுற்றுப் பார்த்தது. பைகளைப் பார்த்தது, கண்ணாடி அலமாரியைப் பார்த்தது, கடைசியில் கதவோரம் இருந்த என்னைப் பார்த்து நின்றது. அவள் கையை விட்டாள். அது குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நிக்குதுங்க" என்றாள்.

"ஆனா இதுல குறுக்கதான் எடுக்க முடியும் ஆன்ட்டி. நெட்டுக்கு வேணும்னா லென்ஸ் வளையத்தத் தளத்தித் திருப்பணும், அதுக்கு ரெண்டு கை வேணும்" என்று அந்தப் பெண் எச்சரித்தாள்.

"ஆந்தைக்கு என்னாத்துக்கு மா நெட்டு?"

கிளம்பும்போது அந்தப் பெண் பையை என் மனைவியின் இடது கையில் பார்த்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அங்கிள், ஆன்ட்டிய நல்லாப் பாத்துக்குங்க. கனமானதெல்லாம் நீங்கதான் தூக்கணும்" என்றாள். "சரிம்மா" என்றேன்.

காடியில் ஏறியதும் என் மனைவி இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்தாள். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அந்தப் புள்ளகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க போயி கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்னா?"

"பீச்சாங்கைல எப்ப பழகுன?"

"தோச சுடும்போது" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "கஷ்டமாத்தாங்க இருக்கு. எனக்குத் தெரியல இவ்வளவு கஷ்டம்னு" என்றாள். நான் வழியில் ரந்தாவ் ஊர் வரும்வரை சன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் புதுத் தலையில் கேமராவை வைத்து நானே அழுத்தினேன். 'க்ளிக்'கென்றது. ஆந்தை வர இன்னும் நேரம் இருந்தது. வெளிச்சம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதால், "கம்பத்துக்கிட்டப் போயி நில்லு" என்று மனைவியை அனுப்பினேன். ஆந்தை தலையில் எச்சமிட்டுவிடும் என்று புலம்பிக்கொண்டே போய் நின்றாள். "அசையாத" என்றேன். கைப்பிடியை ஆட்டி அவளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, கையை விட்டேன். கேமரா நின்றது. அந்தக் கையாலேயே ஒயர்ப் பொத்தானை எடுத்து அழுத்தினேன்.

திரையில் பார்த்தேன். நிற்கிற ஆளைக் குறுக்கே எடுத்ததால் இரண்டு பக்கமும் செம்பனை வரிசை நீளமாகத் தெரிந்தது. நடுவில் அவள், துளி அசையாமல், தெளிவாக. ஆனால் அவளுக்கு ஒரு கைதான் இருந்தது.

"கைய ஏன் பின்னால வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"எந்தக் கைய?" என்றாள். பிறகு குனிந்து பார்த்து, முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்து, அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதுபோல் பார்த்தாள்.

ஆந்தைப் படங்கள் அதற்குப் பிறகு நிறைய எடுத்துவிட்டேன். கூடத்தில் மாட்டியிருப்பது மனைவியின் அந்தப் படத்தைத்தான். போன வாரம் மச்சினி வந்தபோது அதன் முன்னால் நின்று, "அக்காவோட ஒரு கை எங்க மாமா? ஆந்த தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றாள். மனைவி அடுப்படியிலிருந்து தோசையோடு வந்தாள். தங்கையின் தட்டில் வலது கையால் போட்டாள், என் தட்டில் இடது கையால் போட்டாள். நான் ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, மச்சினிக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டேன்.