பான்கேக்கின் முதுகில் இரண்டு காய்ந்த திட்டுகள்

புதன்கிழமை மதியம் வெர்லின் கூப்ஸ் தன் அறுபத்தோராவது வயதில் ஆகாயத்தில் பறந்தார். பெரிய உயரமில்லை, ஒரு குதிரையும் அதற்கு மேல் ஒரு முழமும். விழுந்த இடம்தான் சரியில்லை. சப்பாத்திக்கள்ளி.

பிக்ஹார்ன் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கும் செங்குத்துச் சரிவில் நடந்தது இது. அவருடைய பெட்டைக் குதிரை பான்கேக் நான்கு காலையும் ஒன்றாகக் குவித்து, முதுகை வில்லாக்கி, ஒரே ஓர் உதறு உதறியது. இரண்டு வாரத்தில் மூன்றாவது தடவை.

கூட இருந்த ஆட்கள் அவருக்கு முள் பிடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். பண்ணை முதலாளி கார்வின் மட்டும் சிரிக்கவில்லை.

“சனிக்கிழமை மாட்டையெல்லாம் இதே சரிவுலதான் இறக்கணும், வெர்லின். அடிவாரத்துல குதிர ஏத்தற டிரெய்லரத் திறந்து வச்சிருப்பேன். இவ இன்னொரு துள்ளு துள்ளினா, நேரா சந்தைக்கு.”

“பாஸ், பண்ணையில இவள மாதிரி சாது—”

“உங்க கழுத்து முறிஞ்சா உங்க சம்சாரம் ஓப்பலுக்கு நான்ல பதில் சொல்லணும்?”

ஆளை எறிகிற குதிரையைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று வெர்லினுக்குச் சொல்லத் தேவையில்லை. இறைச்சிக்கு எடை போட்டு வாங்குகிறவர்கள்தான். அவர்களுடைய லாரி வடக்கு எல்லையைத் தாண்டிப் போகும். வரும்போது காலியாக வரும்.

குதிரை பண்ணையின் சொத்து. அதை வளர்த்தவர் வெர்லின். ஆறு வருடத்துக்கு முன் ஏப்ரல் பனிப்புயலில் தாய் செத்துப்போக, குட்டியைத் தூக்கிவந்து சமையலறையில் வைத்துப் புட்டியில் பால் கொடுத்தார். நான்காம் நாள் அது அடுப்பு மேடை முன்னால் சாணி போட்டது. மனைவி ஓப்பல் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வெர்லின் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. பால் கொடுக்கும் நேரம் தவறிவிடும் என்று காரணம் சொன்னார். அதை ஓப்பல் இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அவர் பான்கேக்கின் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார், கடிவாளத்தை மாற்றினார். எதிலும் குறையில்லை. சேணத்தை மட்டும் பார்க்கவில்லை. அது எப்படிக் குற்றவாளியாகும்? இருபத்து நான்கு வயதில், வட்டாரப் போட்டியில் கன்றுக்குச் சுருக்கு வீசி ஜெயித்த பரிசு அது. இருக்கையின் பின்மேட்டுத் தோலில் அவர் பெயர் செதுக்கியிருந்தது. அதில் உட்கார்ந்துதான் ஓப்பலிடம் கல்யாணம் கேட்டார். அப்பாவின் நிலம் ஏலம் போன அன்று வேலியோரமாகச் சுற்றிவந்ததும் அதில்தான். முப்பத்தேழு வருடம். மனுஷனுக்கு வீடே அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஓப்பல் காபியை டக்கென்று வைத்தாள். “டெஸ்ஸிகிட்ட போ.”

“அவ வாயில விழறதுக்குக் கள்ளியிலயே விழலாம்.”

“கள்ளியில மூணு தடவ விழுந்தாச்சு. போ.”

ஓப்பலின் தங்கை டெஸ்ஸி, தகரக் கொட்டகையில் சேணம் பழுதுபார்ப்பவள். வெர்லினைப் பார்த்ததும் வாசலிலேயே ஆரம்பித்தாள். “வாய்யா, பறவை! குதிரைய நல்லா ஓட்டி, வேர்க்க வச்சுக் கொண்டா. அப்புறம் பேசலாம்.”

அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு சேணத்தையும் கம்பளத்தையும் கழற்றினார்கள். முதுகு முழுக்கச் சொதசொதவென்று ஈரம். கழுத்து முதுகோடு சேரும் தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு.

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா? இவள ஓட்ட ஆரம்பிச்ச அஞ்சு மாசமா இப்படித்தான். அந்த இடத்துல ஒரு சொட்டு வேர்வை கிடையாது. உரசவே இல்ல. என் சேணம்னா சேணம்!”

டெஸ்ஸி குனிந்து அந்தத் திட்டைக் கிட்டத்தில் பார்த்தாள்.

“தொடாத இடமும் காயும், வெர்லின். நசுங்கின இடமும் காயும்.” இரண்டு விரலைத் திட்டின் மேல் வைத்து லேசாக அழுத்தினாள்.

பான்கேக் முனகிக்கொண்டு முதுகை அப்படியே கீழே இறக்கியது. முன்னங்கால் மடங்கப் பார்த்தது.

“வேர்வைகூட வர முடியாத அளவுக்கு நசுக்கியிருக்க. உள்ள இருக்கிற மரச்சட்டம் உன் பழைய ஒல்லிக் குதிரைங்களுக்குச் செஞ்சது. இவ முதுகு மேசை மாதிரி அகலம். தெரிஞ்சுதான தட்டை தோசை மாதிரி பான்கேக்னு பேரு வச்ச? இறக்கத்துல உன் பாரமெல்லாம் முன்னால சாயும். கத்தி குத்தற மாதிரி இருக்கும். வேற என்ன பண்ணுவா, பாவம்?”

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். அந்தத் திட்டுகளைத்தான் அவர் ஊரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்.

டெஸ்ஸி மூன்று சேணங்களை ஒவ்வொன்றாக, கம்பளமில்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பார்த்தாள். முதலாவது நடுவில் பாலம்போல் நின்றது. முன்னும் பின்னும்தான் பட்டது. இரண்டாவது நீளம், கடைசி விலாவையும் தாண்டி இடுப்பில் இடித்தது. மூன்றாவதன் அடியில் அவள் கை முன்னிருந்து பின்வரை எங்கும் சிக்காமல் ஒரே சீராக வழுக்கிப் போனது. தோள்மேட்டுக்கு மேல் மூன்று விரல் இடைவெளியும் இருந்தது.

“இவளுக்குச் சரி. இப்ப உனக்கு. இருக்கை எத்தன அங்குலம் வேணும்?”

“பதினஞ்சு.”

“அது உன் கல்யாணத்தப்ப. ஏறு.”

ஏறினார். தொடைக்கும் சேணத்தின் முன்மேட்டுக்கும் நடுவில் அவள் நான்கு விரலைச் செருகிப் பார்த்தாள், தாராளமாக நுழைந்தன. பதினேழு அங்குலம். வெர்லின் உட்கார்ந்தபடியே ஒருமுறை அசைந்தார். எப்போதும் வலிக்கும் முழங்கால் வலிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

பிறகுதான் கீழே பார்த்தார். சுற்றுலா விடுதியிலிருந்து வந்த சேணம் அது. இரண்டு பக்கமும் தட்டு அகலத்துக்குச் செதுக்கிய சூரியகாந்திப் பூ. மஞ்சள் சாயம் வேறு.

“டெஸ்ஸி, இதுல பூ இருக்கு.”

“ஆமா. குதிர கேக்கல. நீதான் கேக்கற.”

சனிக்கிழமை காலை ஆட்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். ஒருவன் தேனீ வருமா என்று கேட்டான். வெர்லினின் கண் அடிவாரத்தில் இருந்தது. டிரெய்லர் கதவு விரியத் திறந்திருந்தது. கார்வின் பக்கத்திலேயே நின்றான்.

மாடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிவில் இறங்கின. பான்கேக் விளிம்பில் நின்றுவிட்டது. காது பின்னால் போனது. முதுகு இறுகுவது வெர்லினின் தொடைக்குத் தெரிந்தது. நேற்று அழுத்தின இடம் இன்னும் வலிக்கும்தானே? இது வேறு சேணம் என்று குதிரைக்கு யார் சொல்வது?

சேணத்தின் முன்னால் நிற்கும் பிடிக்கொம்பைப் பிடிக்கக் கை பரபரத்தது. பிடித்தால் அவள் பயந்துவிடுவாள். கடிவாளத்தைத் தளர்த்தினார். “மெதுவா வா, கண்ணு. நசுக்கினா என்னைத் தூக்கிப் போடு. தப்பே இல்ல.”

ஓர் அடி. நின்றது. வால் உயர்ந்தது. கீழே கார்வின் டிரெய்லரை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்தான்.

பான்கேக் நிதானமாகச் சாணி போட்டது. பெருமூச்சு விட்டது. பிறகு சந்தைக்குப் போய்த் திரும்பும் மனுஷி மாதிரி இடுப்பை ஆட்டிக்கொண்டு சரிவு முழுக்க நடந்தே இறங்கியது.

அடிவாரத்தில் வெர்லின் இறங்கி, சேணத்தைக் கழற்றினார். முதுகு முழுக்க ஈரம். ஒரு திட்டும் இல்லை.

கார்வின் குதிரையின் முதுகைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். “இது உங்களோடதா, வெர்லின்?”

“என்னோடதுதான், பாஸ்.”

“நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினான்.

சத்தம் கேட்டு மாடுகள் கலைந்தன. ஆட்கள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். வெர்லின் ஓடவில்லை. தோள்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். பான்கேக் அவர் தொப்பியைக் கடித்துப் பிடுங்கிக் கீழே போட்டது.