வீட்டிலிருந்து மிஷினுக்குள் போன லாத்தா

அன்று எடைமேடை அறையில் மேனேஜர் இருந்தார். லோடு லாரியை மேடையிலேயே நிறுத்திவிட்டு வந்த பாடாலூர் டிரைவர் இருந்தார். நான் இருந்தேன். லாத்தா இல்லை. அவர் லப்பைக்குடிக்காட்டில் தன் வீட்டில் இருந்தார். குரல் மட்டும் போனில், என் காதில்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் எடை போடுவது என் வேலை. எட்டாவது வரை படித்தேன். லாரி ஏறும், திரையில் எடை வரும், பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டு இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. அந்தக் கணக்கு ஓடும் மிஷின் குவாரியில் கிடையாது. கிளவுடு என்றார்கள். எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுத்த பங்கு. அதைப் பார்த்துக்கொண்டவர் லாத்தா. அவர் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மூத்தவர். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

குவாரி நெட்டிலிருந்து மட்டும்தான் மிஷினுக்குள் போகலாம் என்று பூட்டு இருந்தது. வீட்டு நெட்டுக்கு நம்பர் அடிக்கடி மாறுமாம், அதை நம்பித் திறந்துவிட முடியாதாம். அதனால் மிஷின் நின்றால் லாத்தா பெரம்பலூரில் பஸ் மாறி வர வேண்டும். வீட்டில் அவர் அம்மா படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவார். கண் திரையில் இருக்கும், காது போனில் இருக்கும். வேலை முடிந்ததும் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

அதற்காகத்தான் கன்சோல் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். மிஷினுக்கு நேரே டிவியும் கீபோர்டும் சொருகினது மாதிரி, எந்த ஊரில் உட்கார்ந்தும் பார்க்கலாம் என்றார். குவாரிக்கு வந்து அதை முடுக்கினார். கறுப்புத் திரை வந்தது. பெயர் கேட்டு ஒரு கோடு மினுக்கியது. லாத்தா அன்றைக்கு ஓடாமல் நடந்து போனார்.

மேனேஜருக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த தடவை நின்றால் வீட்டிலிருந்தே சரி பண்ணிக் காட்டட்டும், முடியாவிட்டால் தினமும் இங்கே வந்து உட்காரட்டும், அதுவும் முடியாது என்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். தினமும் வர லாத்தாவால் ஆகாது. வேலையை விடவும் ஆகாது. அந்த வீடு அதில்தான் ஓடியது.

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. சீட்டு வரவில்லை. மிஷினில் பழைய குப்பை சேர்ந்து இடம் நிறைந்துவிட்டதாகத் தனக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது என்று லாத்தா போனில் சொன்னார்.

“மிஷினுக்கு வயிறு நெரம்பிப்போச்சாம்ணே” என்றேன்.

“நமக்குத்தான் நெரம்ப மாட்டேங்குது” என்றார் டிரைவர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. வெளியே லாரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. யாரும் இன்ஜினை அணைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தபடியே இருந்தது. போனில் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நின்றது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் லாத்தா. போட்டேன்.

“சார், என் தப்பு. உள்ள போக பாஸ்வேர்டு கேக்குது. நான் வைக்கவே இல்ல. இத்தன நாளும் என் லேப்டாப்புல இருக்குற சாவிய வச்சுத்தான் போனேன். கன்சோல்ல அது செல்லாது. கதவு இருக்கான்னு பாத்தேன், தொறந்து பாக்கல.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “கெளம்பி வரச் சொல்லு” என்றார். லாத்தாவிடம் நேரே சொல்லவில்லை.

“வரேன் சார். ரெண்டு தடவ பாத்துட்டு வரேன்.”

மிஷினை அணைத்துப் போட உள்ளே போக வேண்டியதில்லையாம். அப்படி அணைத்துப் போட்டால், எழும்போது ஒரு மெனு கண்ணிமைக்கும் நேரம் நிற்குமாம். அந்த நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போய்விடலாமாம். அணைத்தார். மேனேஜர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். நான் பிரிண்டர் பேப்பரை எடுத்துத் திரும்ப வைத்தேன். எதற்கென்று தெரியாது.

“போச்சு” என்றார் லாத்தா. வீட்டு நெட் மந்தம். மெனு அவர் திரைக்கு வருவதற்குள் அங்கே கடந்துவிட்டது.

அவருக்குப் பின்னால் ஒரு குரல் தண்ணீர் கேட்டது. நாற்காலி இழுபட்டது. பிறகு சத்தமே இல்லை. எங்கே போச்சு அந்தம்மா என்று மேனேஜர் கேட்டார்.

“தண்ணி குடுக்கப் போயிருக்கும் சார்” என்றார் டிரைவர். “லாரிக்கு ஒண்ணும் தாகம் எடுக்கல. நிக்கும்.”

லாத்தா திரும்பி வந்தார். இனி மெனு தெரியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை, அணைத்ததிலிருந்தே அழுத்திக்கொண்டிருக்கப் போகிறேன் என்றார். கோழி கொத்துவது மாதிரி ஒரே பட்டனைத் தட்டுவது ஸ்பீக்கரில் கேட்டது. மேனேஜர் நடப்பதை நிறுத்தினார். தட்டுவதும் நின்றது.

“உள்ள இருக்கேன்.”

குப்பையை அழித்தார். பாஸ்வேர்டு வைத்தார். மிஷினை விட்டு வெளியே போய், அதைப் போட்டு மறுபடி உள்ளே வந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தார். சீட்டு வந்தது. டிரைவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து, “வரேம்மா” என்றார்.

அந்தம்மா அங்கேயிருந்தே பார்க்கட்டும் என்று சாயங்காலம் மேனேஜர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன்பின் லாத்தா வரவில்லை. மிஷின் நிற்கும், எழும். அவர் குரல் வரும். சில சமயம் பின்னால் அந்த இன்னொரு குரலும் வரும். ஒரு நாள், அம்மா மவுத்தாகிவிட்டதாக, அடக்கமும் முடிந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த முறை மிஷின் நின்றபோதும் வீட்டிலிருந்துதான் பார்த்தார். பின்னால் சத்தம் இல்லை. எனக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.

போன மாதம் லாத்தா குவாரிக்கு வந்தார். மிஷின் நன்றாகத்தான் ஓடியது. யாரும் கூப்பிடவில்லை.

“வூட்ல இருக்க முடியல தம்பி. பஸ் ஏறிட்டேன்.”

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலிடம் போனார். வெளியே மேடை காலியாகக் கிடந்தது. இத்தனை வருஷம் அதன் கணக்கைப் பார்த்தவர். ஒரு நாளும் அதன் மேல் ஏறியதில்லை.

“ஆளு நின்னாக் காட்டுமா?”

“காட்டும் லாத்தா. இருவது இருவது கிலோவாத்தான் ஏறும்.”

போய் நடுவில் நின்றார். கைப்பையைக் கீழே வைக்கவில்லை. நான் திரையைப் பார்த்தேன்.

அறுபது கிலோ.